அமெரிக்க அரசமைப்புச் சட்டம்: எந்த அதிகாரம் யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அதிபரின் உத்தரவுக்கு நீதிமன்றம் தடை", "செனட் ஒப்புதல் தர மறுப்பு", "மாநிலங்கள் வழக்கு" என்று அமெரிக்கச் செய்திகள் நாள்தோறும் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு நண்பர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம்: இந்தப் பக்கத்தில் "காங்கிரஸ்" என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் குறிக்கும். நம் ஊர்க் கட்சியை அல்ல.

இந்தச் சட்டத்தை முழுவதும் படித்துவிட முடியுமா?

ஒரு மாலைப் பொழுது போதும். 1787இல் எழுதப்பட்ட மூலம் 7 பிரிவுகளும் ஏறத்தாழ 4,400 சொற்களும் கொண்டது. பிறகு சேர்ந்த 27 திருத்தங்களையும் கூட்டினாலும் சின்னப் புத்தகம்தான். 395 பிரிவுகளோடு பிறந்த இந்திய அரசமைப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது துண்டறிக்கை மாதிரித் தோன்றும்.

ஆனால் சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. முதல் பிரிவு காங்கிரஸைப் பற்றியது, நீளமானது, அதிகாரங்களை எண்ணி எண்ணிச் சொல்வது. அதிபரைப் பற்றிய இரண்டாம் பிரிவு "நிர்வாக அதிகாரம் அதிபரிடம் இருக்கும்" என்று சொல்கிறது. அந்த "நிர்வாக அதிகாரம்" எதுவரை நீளும் என்று வரையறுக்கவில்லை. நீதிமன்றத்துக்கான மூன்றாம் பிரிவு அதைவிடச் சிறியது. உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்றுகூட அதில் இல்லை. இரண்டு நூற்றாண்டுச் சண்டைகளில் பெரும்பகுதி எழுதாமல் விட்ட இந்த இடங்களில்தான் நடந்திருக்கிறது.

1787க்கு முன் அங்கே அரசு இல்லையா?

இருந்தது, பெயருக்கு. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையின் கீழ் 13 மாநிலங்கள் சேர்ந்திருந்தன. அதில் அதிபர் கிடையாது, தேசிய நீதிமன்றம் கிடையாது. காங்கிரஸ் ஒன்று இருந்தது. அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுத்தால் உண்டு. விடுதலைப் போரில் வாங்கிய கடனை அடைக்க இறக்குமதிப் பொருட்கள்மீது 5 சதவீத வரி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. உடன்படிக்கையைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்தது. யோசனை அதோடு படுத்துவிட்டது.

1786இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனிலும் வரியிலும் நொறுங்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். 1787 ஜனவரியில் அவர்கள் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆனால் சொத்துள்ளவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. வலுவான நடுவண் அரசு வேண்டும் என்ற பேச்சுக்கு அந்தப் பயம் உரம் போட்டது.

பிலடெல்பியா மாநாட்டில் என்ன நடந்தது?

பழைய உடன்படிக்கையைத் திருத்துவது ஒன்றே நோக்கம் என்று சொல்லித்தான் மாநாட்டுக்கு அனுமதி வாங்கினார்கள். கூடியவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார்கள். 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, கோடை வெயிலில், பேச்சு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு நடந்தது. கலந்துகொண்டவர்கள் 55 பேர்; கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பழைய விதிப்படி 13 மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய ஆவணமோ 9 போதும் என்று தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டது. அரசின் அதிகாரத்துக்கு எல்லை கட்டும் சட்டம், கொடுத்த அதிகார எல்லையைத் தாண்டித்தான் பிறந்தது. இந்த முரண்பாட்டை எனக்குப் பிடிக்கும். பின்னால் வரும் பலவற்றுக்கு இதுவே பிள்ளையார் சுழி.

பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற தகராறு, மக்கள்தொகைப்படி ஒரு சபை (பிரதிநிதிகள் சபை), மாநிலத்துக்கு இருவர் என்று இன்னொரு சபை (செனட்) என முடிந்தது. அடிமைகள் பற்றிய பேரம் அசிங்கமானது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது, 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடை செய்யக் கூடாது, தப்பி ஓடியவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று இடங்களில் எழுதினார்கள். ஓரிடத்திலும் "அடிமை" என்ற சொல் இல்லை. எழுதிய கைகளுக்கே கூசியிருக்கிறது.

"எண்ணிக் கொடுத்த அதிகாரங்கள்" என்பது என்ன?

முதல் பிரிவின் 8ஆம் உட்பிரிவில் 18 கூறுகள் இருக்கின்றன. வரி விதித்தல், கடன் வாங்குதல், நாணயம் அடித்தல், அஞ்சலகம் அமைத்தல், படை திரட்டல், போர் அறிவித்தல், வெளிநாடுகளோடும் மாநிலங்களுக்கு இடையிலும் நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தல் என்று பட்டியல் போகிறது. அந்தப் பட்டியலில் இல்லாததை நடுவண் அரசு செய்யக் கூடாது என்பது கொள்கை. 1791இல் வந்த 10ஆம் திருத்தம் அதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறது: நடுவண் அரசுக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்கு மறுக்காத அதிகாரங்கள் மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும்.

இந்தியாவில் நேர் எதிர். மூன்று பட்டியல்களிலும் சேராத எஞ்சிய அதிகாரம் இங்கே ஒன்றிய அரசுக்குப் போகிறது. அங்கே மாநிலத்துக்கு. பள்ளிக்கூடம், காவல், திருமணம், பெரும்பாலான குற்றவியல் சட்டம் எல்லாம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது இதனால்தான். ஒரு மாநிலத்தில் மரண தண்டனை உண்டு, பக்கத்து மாநிலத்தில் இல்லை.

ஆனால் பட்டியலின் 18ஆவது கூறு, மேலே சொன்ன அதிகாரங்களைச் செயல்படுத்த "தேவையான, பொருத்தமான" சட்டங்களையும் இயற்றலாம் என்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டி வைத்த மாதிரி.

அந்தச் சாவியை முதலில் திருப்பியவர் யார்?

முதல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன். 1791இல் ஒரு தேசிய வங்கி வேண்டும் என்றார். பட்டியலில் வங்கி என்ற சொல்லே இல்லை. வெளியுறவுச் செயலாளர் தாமஸ் ஜெஃபர்சன், "தேவையான" என்றால் அது இல்லாமல் முடியவே முடியாது என்று பொருள்; வங்கி இல்லாமலும் வரி வசூலிக்கலாமே என்றார். மாநாட்டின் மூளை என்று போற்றப்படும் ஜேம்ஸ் மேடிசனும் காங்கிரஸில் எதிர்த்தார். ஹாமில்டன், "தேவையான" என்றால் பயன்படக்கூடிய, உதவக்கூடிய என்று பொருள் கொண்டால் போதும் என்றார். ஜார்ஜ் வாஷிங்டன் இரு தரப்பையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. 1803இல் அதிபராக இருந்த ஜெஃபர்சன், பிரான்ஸிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு வாங்கினார். வெளிநாட்டிடம் நிலம் வாங்க அரசமைப்பில் அனுமதி எங்கே? இல்லை என்று அவருக்கே தெரியும். ஒரு திருத்தம் கொண்டுவரலாமா என்றுகூட எழுதிப் பார்த்தார். நெப்போலியன் மனம் மாறிவிடுவானோ என்ற அவசரத்தில் திருத்தத்தைக் கைவிட்டு உடன்படிக்கையை நிறைவேற்றினார். வங்கியை எதிர்த்த மேடிசன் 1816இல் அதிபராக இருந்தபோது இரண்டாம் தேசிய வங்கிக்குக் கையெழுத்திட்டார். 1812இல் தொடங்கிய போரை வங்கி இல்லாமல் நடத்தித் தவித்த அனுபவம் அவருக்கு.

எதிர்வரிசையில் இருக்கும்போது குறுக்கிப் படிப்பதும், நாற்காலியில் உட்கார்ந்ததும் விரித்துப் படிப்பதும் அமெரிக்க அரசமைப்பு வரலாற்றில் விதிவிலக்கு அல்ல. கீழே வரும் பதில்களிலும் இதைப் பார்ப்பீர்கள்.

வங்கியின் பால்டிமோர் கிளைமீது மேரிலாந்து மாநிலம் வரி போட, கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் கட்ட மறுத்தார். 1819இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஹாமில்டனின் பொருளையே ஏற்றார்: நோக்கம் முறையானதாக இருந்தால், அதற்குப் பொருத்தமான, அரசமைப்பு தடுக்காத வழிகள் எல்லாம் செல்லும். வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது. ஆகவே மாநிலம் வரி போடக் கூடாது என்றும் தீர்ப்பளித்தார். பழைய உடன்படிக்கையில் "வெளிப்படையாகக் கொடுக்கப்பட்ட" அதிகாரம் என்று இருந்ததையும், 10ஆம் திருத்தத்தில் "வெளிப்படையாக" என்ற சொல் விடப்பட்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒரு சொல் இல்லாமல் போனதால் ஒரு பேரரசுக்கு இடம் கிடைத்தது.

சட்டங்களைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்தது எந்தப் பிரிவு?

எந்தப் பிரிவும் இல்லை. அதே ஜான் மார்ஷல் 1803இல் மார்பரி வழக்கில் எடுத்துக்கொண்டார். தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவி முடியும் நேரத்தில் தம் கட்சிக்காரர்களை நீதிபதிகளாக நியமித்தார். சில நியமன ஆணைகள் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. சேர்க்காமல் விட்டது வேறு யாருமல்ல, அப்போது வெளியுறவுச் செயலாளராக இருந்த மார்ஷலேதான். புதிய அதிபர் ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றார். வில்லியம் மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இன்றைய நீதிபதியாக இருந்தால் இந்த வழக்கை விசாரிக்கவே உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் அலட்சியம் செய்வார். நீதிமன்றத்தின் மானம் போகும். கொடுக்க வேண்டாம் என்றால் பணிந்ததாக ஆகும். மார்ஷல் மூன்றாவது வழியைக் கண்டார். மார்பரிக்கு உரிமை உண்டு, ஜெஃபர்சன் அரசு செய்தது தவறு, ஆனால் இந்த வழக்கை நேராக எங்களிடம் கொண்டுவர அனுமதிக்கும் 1789 நீதித்துறைச் சட்டத்தின் பிரிவு அரசமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார். வென்ற ஜெஃபர்சனால் மீறுவதற்கு ஓர் உத்தரவும் இல்லை. ஒரு சிறு அதிகாரத்தை விட்டுக்கொடுத்துப் பெரிய அதிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்ட சாமர்த்தியம் இது. காங்கிரஸ் சட்டம் ஒன்றை நீதிமன்றம் மறுபடி வீழ்த்தியது 54 ஆண்டுகளுக்குப் பிறகு, 1857இல்.

1857 என்றால் டிரெட் ஸ்காட் வழக்கா?

ஆம், அந்த நீதிமன்றத்தின் வரலாற்றிலேயே இழிவான தீர்ப்பு. அடிமைத்தனம் இல்லாத பகுதிகளில் வாழ்ந்ததால் தான் விடுதலை பெற்றவன் என்று டிரெட் ஸ்காட் வழக்குத் தொடுத்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடிமக்களாக முடியாது, புதிய பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்று தலைமை நீதிபதி ரோஜர் டானி 7-2 பெரும்பான்மையில் எழுதினார். சண்டையை முடித்துவைப்பதாக நினைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது.

போரில் ஆபிரகாம் லிங்கன் செய்தவை எந்த அதிபரும் அதுவரை துணியாதவை. 1861இல் காங்கிரஸைக் கேட்காமலே ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைத்தார். அது காங்கிரஸின் அதிகாரம் என்று டானி தீர்ப்பளித்தும் லிங்கன் பொருட்படுத்தவில்லை. 1863இல்தான் காங்கிரஸ் சட்டம் இயற்றி ஒப்புதல் தந்தது. அடிமை விடுதலைப் பிரகடனத்தையும் படைத் தலைவர் என்ற போர்க்கால அதிகாரத்தில்தான் வெளியிட்டார். அதனால்தான் அது கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும் பொருந்தியது. முழு ஒழிப்புக்கு 1865இல் 13ஆம் திருத்தம் வர வேண்டியிருந்தது.

1868இன் 14ஆம் திருத்தத்தை இரண்டாம் அரசமைப்பு என்றே சொல்லலாம். பிறப்பால் குடியுரிமை, சட்டத்தின் சமமான பாதுகாப்பு, உரிய சட்டமுறையின்றி உயிர், உரிமை, உடைமை பறிக்கக் கூடாது ஆகியவற்றை அது மாநிலங்கள்மீது சுமத்தியது. அதுவரை உரிமைப் பட்டியல் (முதல் பத்துத் திருத்தங்கள்) நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆனால் காகிதத்தில் வந்தது தரைக்கு வர பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954இன் பிரவுன் தீர்ப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.

சொந்த வயலில், சொந்தக் கோழிக்கு விளைவித்த கோதுமைக்கு அபராதம் போட்டார்களாமே, உண்மையா?

உண்மை. அதற்கு முன்கதை கொஞ்சம் வேண்டும்.

"மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்" என்ற சொற்றொடர் 1824இல் நியூயார்க், நியூஜெர்சி நீராவிப் படகு வழக்கில் விரிவாகப் பொருள் கொள்ளப்பட்டது. பிறகு நீதிமன்றம் சுருக்கிக்கொண்டது. குழந்தைகள் உழைப்பில் உருவான பொருட்களை மாநில எல்லை தாண்டி விற்கக் கூடாது என்று காங்கிரஸ் சட்டம் போட்டபோது, உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்று சொல்லி 1918இல் ரத்து செய்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் தொழில் மீட்புச் சட்டத்தையும் 1935இல் ஒருமனதாக வீழ்த்தியது. அது புரூக்ளினில் கோழிக்கறி வணிகம் செய்த ஷெக்டர் சகோதரர்களின் வழக்கு. கோபமடைந்த ரூஸ்வெல்ட், 1937 பிப்ரவரியில், 70 வயது தாண்டியும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒருவர் என்ற கணக்கில் ஆறு பேர் வரை கூடுதலாக நியமிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே எதிர்த்ததால் அது தோற்றது. ஆனால் அதே வசந்தத்தில் நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் தொழிலாளர் உறவுச் சட்டத்தையும் செல்லும் என்றது. மிரட்டலுக்குப் பயந்து மாறியது என்று பலரும் எழுதுகிறார்கள். குறைந்தபட்சக் கூலி வழக்கில் நீதிபதிகள் வாக்களித்தது மிரட்டல் வெளிவருவதற்கு முன்பே என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது கோதுமைக்கு வருவோம். ஒஹையோவில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயி பாலும் முட்டையும் விற்று வாழ்ந்தார். விலை சரியாமல் இருக்க ஒவ்வொரு பண்ணைக்கும் கோதுமைப் பரப்பை அரசு நிர்ணயித்திருந்தது. அவருக்கு 11.1 ஏக்கர். அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு அபராதம் 117 டாலர் 11 சென்ட். கூடுதல் விளைச்சல் என் கால்நடைக்கும் வீட்டுக்கும்தானே, எந்த மாநில எல்லையைத் தாண்டியது என்று கேட்டார். 1942இல் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: நீ விளைவித்துக்கொண்டதால் சந்தையில் வாங்காமல் விட்டாய், உன்னைப் போல் ஆயிரமாயிரம் பேர் செய்தால் நாடெங்கும் விலை மாறும், ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைப் பாதிக்கிறது.

கேட்க அபத்தமாக இருக்கலாம். ஆனால் 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் நின்றது இதே அடித்தளத்தில்தான். கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்க மறுத்த அட்லாண்டா விடுதியும், உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடாத பர்மிங்ஹாம் உணவகமும் தோற்றது, விருந்தாளிகளும் இறைச்சியும் மாநில எல்லை தாண்டி வந்ததால். மனித மாண்பைக் காக்க இறைச்சி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டியிருந்தது. கோதுமைத் தீர்ப்பைக் கேலி செய்பவர்கள் இந்த வழக்குகளையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

எல்லை முற்றிலும் அழிந்துவிடவில்லை. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்த நடுவண் சட்டம் வணிகம் ஆகாது என்று 1995இல் 5-4 என்று தீர்ப்பு வந்தது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2012இல் பிழைத்ததும் வணிக அதிகாரத்தால் அல்ல. காப்பீடு எடுக்காதவர்மீதான அபராதத்தை வரி என்று பொருள் கொண்டதால்.

அதிபர் நினைத்ததைச் செய்ய முடியுமா?

1952இல் ஹாரி ட்ரூமன் முயன்று பார்த்தார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவிருந்தார்கள். ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். இரண்டே மாதங்களுக்குள், ஜூன் 2 அன்று, 6-3 என்று நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றுவரை அளவுகோல். காங்கிரஸ் அனுமதித்ததை அதிபர் செய்தால் அவர் அதிகாரம் உச்சத்தில் இருக்கும். காங்கிரஸ் ஒன்றும் சொல்லாதபோது அது அந்தி வெளிச்சம், சூழலைப் பொறுத்தது. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அதிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். கோதுமைத் தீர்ப்பை எழுதியவரும் இதே ஜாக்சன்தான். இன்னொன்று: அவர் ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, 1941இல் விமானத் தொழிற்சாலை ஒன்றை அரசு எடுத்துக்கொண்டதை ஆதரித்துப் பேசியவர். அந்தப் பேச்சை ட்ரூமனின் வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். வழக்கில் ஒரு தரப்பின் வழக்கறிஞர் சொன்னதை, அந்த வழக்கறிஞர் நானே ஆனாலும், நீதிபதியாக நான் சான்றாக ஏற்க முடியாது என்று அடிக்குறிப்பில் எழுதினார். மேலே சொன்ன நாற்காலி விதியை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட இன்னொருவரை நான் படித்ததில்லை.

நிர்வாக உத்தரவு என்பது அரசமைப்பில் இருக்கிறதா?

அந்தப் பெயரில் இல்லை. சட்டத்தைச் செயல்படுத்தும் கடமையிலிருந்து பிறந்த வழக்கம். எல்லா உத்தரவும் சட்டமும் அல்ல, எல்லா உத்தரவும் அத்துமீறலும் அல்ல. மிக மோசமான எடுத்துக்காட்டு 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் உத்தரவு. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1944இல் கொரமட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. காங்கிரஸ் 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

போர் அறிவிப்பது யார்?

காங்கிரஸ். மாநாட்டில் முதல் வரைவு "போர் செய்யும்" அதிகாரம் என்று இருந்தது. திடீர்த் தாக்குதலைத் தடுக்க அதிபருக்குக் கை வேண்டும் என்பதால் "போர் அறிவிக்கும்" என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் வழியாகப் பிற்கால அதிபர்கள் தேரையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் எதற்கும் முறையான போர் அறிவிப்பு இல்லை. கொரியாவைத் தவிர மற்றவற்றுக்கு அனுமதித் தீர்மானங்களாவது இருந்தன.

வியட்நாமில் சூடுபட்ட பிறகு, 1973இல் அதிபர் நிக்சனின் வீட்டோவைத் (மறுப்பைத்) தாண்டிப் போர் அதிகாரத் தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. படையை அனுப்பிய 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் 60 நாட்களில் நிறுத்த வேண்டும். திரும்ப அழைக்க மேலும் 30 நாட்கள். அதன்பின் வந்த அதிபர்கள் இதைச் சுற்றிப் போகவே வழி தேடினார்கள். உடனடி ஆபத்து இல்லாதபோது அதிபர் தாமாகத் தாக்குதல் நடத்த முடியாது என்று 2007இல் வேட்பாளராகச் சொன்ன பராக் ஒபாமா, 2011இல் லிபியாவில் 60 நாட்களைத் தாண்டினார். அங்கே நடப்பது சட்டம் சொல்லும் "பகைச் செயல்" அளவுக்கு இல்லை என்று அவரது அரசு விளக்கம் தந்தது. குண்டு விழுந்தவர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

ஓர் இந்திய வம்சாவளியினர் பெயரில் பெரிய அதிகார வழக்கு இருக்கிறதாமே?

ஜக்தீஷ் ராய் சாதா. கென்யாவில் பிறந்தவர், பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு மாணவராக அமெரிக்கா போனவர். விசா முடிந்த பின் அவரை நாடு கடத்துவதைக் குடியேற்ற நீதிபதி நிறுத்திவைத்தார். 1975இல் பிரதிநிதிகள் சபை மட்டும் தனியாக ஒரு தீர்மானம் போட்டு அதை மாற்றியது. அப்படி ஒரு சபையே நிர்வாக முடிவை ரத்து செய்யும் வசதியைப் பல சட்டங்களில் காங்கிரஸ் எழுதி வைத்திருந்தது. சட்டத்தின் விளைவு வேண்டுமென்றால் இரு சபைகளும் நிறைவேற்றி அதிபரிடம் போக வேண்டும் என்று 1983இல் நீதிமன்றம் சொன்னது. ஏறத்தாழ 200 சட்டங்களில் இருந்த ஏற்பாடு ஒரே நாளில் ஆட்டம் கண்டது. காங்கிரஸ் அதிபருக்கு அதிகாரத்தைக் கொடுப்பது எளிது, திரும்ப வாங்குவது கடினம் என்ற இன்றைய நிலைக்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். சாதா அங்கேயே தங்கினார்.

அதிபரைப் பதவிநீக்கம் செய்ய முடியுமா?

பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்ட வேண்டும். செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்க்க வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் ஒரே வாக்கில் தப்பினார். கிளிண்டன் ஒரு முறையும் டிரம்ப் இரு முறையும் குற்றம் சாட்டப்பட்டு விடுபட்டார்கள். வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக, வெள்ளை மாளிகை உரையாடல்களின் ஒலிநாடாக்களைக் கொடு என்று 1974இல் நீதிமன்றம் 8-0 என்று உத்தரவிட்ட பின், நிக்சன் குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார். இதுவரை எந்த அதிபரும் செனட்டால் நீக்கப்படவில்லை.

இந்தியா இதிலிருந்து எதை எடுத்தது, எதை விட்டது?

அடிப்படை உரிமைகள், நீதிமன்றச் சீராய்வு இரண்டையும் எடுத்தது. வேண்டுமென்றே விட்டது ஒன்று: "உரிய சட்டமுறை" என்ற சொற்றொடர், அதாவது சட்டம் நியாயமானதா என்றும் நீதிமன்றம் கேட்க இடம் தருவது. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்றபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் அதைத் தவிர்க்கச் சொன்னார். ரொட்டி சுடும் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 10 மணி நேரம் என்ற நியூயார்க் சட்டத்தை 1905இல் அந்தச் சொற்றொடரைக் காட்டித்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீழ்த்தியிருந்தது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அந்த எச்சரிக்கையின் பக்கம் நின்றார். "சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை" என்று 21ஆம் பிரிவு அமைந்தது. அதன் முதல் அடியை வாங்கியவர், சென்னை மாகாணத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், 1950இல் அவர் வழக்கு தோற்றது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான், விட்டுவந்த பொருளை நம் உச்ச நீதிமன்றம் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்தது.

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் திருத்துவதில்லை?

இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். முன்மொழியப்பட்டவை 11,000க்கும் மேல், தேறியவை 27. அவற்றிலும் 18ஆவது மதுவிலக்கைக் கொண்டுவந்தது, 21ஆவது அதை எடுத்தது. கதவு இப்படி இறுக்கமாக இருப்பதால்தான் எல்லோரும் பொருள் கூறும் சன்னல் வழியாக நுழைகிறார்கள்.

கடைசித் திருத்தத்தின் கதை தனி. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று மேடிசன் 1789இல் முன்வைத்தார். போதிய மாநிலங்கள் ஒப்பவில்லை, கிடப்பில் கிடந்தது. காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். "சி" மதிப்பெண் கிடைத்தது. அவர் விடாமல் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதினார். 1992இல் தேவையான எண்ணிக்கை சேர்ந்து 27ஆம் திருத்தம் ஆனது. 2017இல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை "ஏ" என்று திருத்தியது.